வயிற்றில் வைத்த வழி

நான் நர்ஸ் வேலையில் சேர்ந்தது எழுபத்து நாலில், மதுரையில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை வார்டில். சேர்ந்த முதல் மாதமே ஒரு விவசாயிக்குக் கட்டு மாற்றச் சொன்னார்கள். அவருக்கு மலக்குடலில் புற்று. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பின்வழியை மூடித் தைத்து, மிச்சக் குடலின் நுனியை வயிற்றில் இடப்பக்கமாக ஒரு துளை போட்டு வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இனி ஆயுளுக்கும் மலம் அந்த வழியாகத்தான் வரும். அடக்க முடியாது. எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. வயிற்றில் ஒட்டிக்கொள்கிற பை என்று ஒன்று இருப்பதே அன்று எங்களுக்குத் தெரியாது. பஞ்சு, பழந்துணி, அதன் மேல் ஒரு கட்டு, அவ்வளவுதான்.

கட்டைப் பிரித்ததும் நான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது அந்த மனிதர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "பரவாயில்லத்தா, எனக்கும் அப்பிடித்தான் இருக்கு" என்றார்.

மூன்று வாரம் கழித்து அவரை வீட்டுக்கு அனுப்பினோம். அறுவை நல்லபடியாக நடந்தது என்று எழுதிக் கேஸ் ஷீட்டை மூடினோம். ஊருக்குப் போய் அவர் எப்படிக் குளித்தார், எங்கே படுத்தார், கல்யாண வீட்டுக்குப் போனாரா, யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் வந்தார். அதே வார்டில் பயிற்சி டாக்டராக இருந்தவர், இப்போது பெரிய சர்ஜன். எப்போதும் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பார். திட்டுவதென்றாலும் "வாங்க, போங்க" என்று மரியாதையோடுதான் திட்டுவார். நான் கணவரின் வேலையை முன்னிட்டு மாற்றல் வாங்கி ராமநாதபுரத்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒருமுறை மதுரை போனபோது கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "பிழைக்க வச்சிட்டோம்னு எழுதறோம் சிஸ்டர். பிழைச்சு என்ன பண்றாங்கன்னு எழுதறதே இல்ல."

ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். வயிற்றில் வழி வைத்தவர்களில் சிலர் பை ஒட்டிக்கொள்கிறார்கள். சிலருக்கு வேறொரு முறையைக் கற்றுக்கொடுக்கலாம்: தினமும் காலையில் அந்த வழியாக ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவிவிட்டால், மறுநாள் காலை வரை பெரும்பாலும் ஒன்றும் வராது. சின்னத் துணி மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டால் போதும். எல்லோருக்கும் இது ஒத்துவராது. டாக்டர் பார்த்துச் சரி என்றவர்களுக்குத்தான். இரண்டில் எது அவர்களுக்கு நல்ல வாழ்க்கையைக் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கேள்வித்தாள். எங்கள் மாவட்டத்து நோயாளிகள் ஏழு பேரை வீட்டுக்கே போய்ப் பார்த்து, நிரப்பி அனுப்புவது என் வேலை.

கேள்வித்தாளை யாரோ படித்தவர்கள் தமிழாக்கியிருந்தார்கள். "தங்கள் உடற்தோற்றம் குறித்துத் தாங்கள் மனநிறைவு கொள்கின்றீர்களா?" என்று ஒரு கேள்வி. பக்கத்தில் நான்கு கட்டங்கள். ஒருபோதும் இல்லை, அரிதாக, பெரும்பாலும், எப்போதும். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை பாம்பனுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே பார்க்க வேண்டியவள் கடலில் பாசி எடுக்கிற பெண். நாற்பது வயது இருக்கும். கடலோரத்தில் ஓலை வீடு. அந்தப் பக்கத்துப் பெண்கள் வள்ளத்தில் ஏறித் தீவுகளுக்குப் போவார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையில் விளைகிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி இடுப்பில் கட்டிய பையில் திணிப்பார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அதைச் செய்தவள், ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதமாக வீட்டோடு இருந்தாள்.

நான் போனபோது அவள் கணவர்தான் வரவேற்றுப் பாய் போட்டார். அவர் படகில் கூலிக்குப் போகிறவர். அவள் எங்களோடு உட்காரவில்லை. வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. அது தெற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதம். காற்று எங்களைத் தாண்டி அவள் பக்கம் போகிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் மேல் பட்ட காற்று எங்களிடம் வரக்கூடாது.

கேள்விகளுக்கெல்லாம் கணவரே பதில் சொன்னார். சாப்பிடுறா, தூங்குறா, ஒரு குறையும் இல்ல. உடற்தோற்றக் கேள்வியை நான் என் தமிழில் மாற்றிக் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார். அவள் அந்தக் கோடியிலிருந்து சிரித்தாள். பிறகு அவரைப் பார்த்து, அக்காவுக்குக் குடிக்கக் கலர் வாங்கி வாங்க என்று அனுப்பினாள். அவர் தெரு முனையைத் தாண்டியதும் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, நான் கடலுக்குப் போலாமா? அதை இந்தத் தாள்ல எங்கயாச்சும் கேட்டிருக்கா?"

தாளை முன்னும் பின்னும் புரட்டினேன். வேலைக்குப் போகிறீர்களா என்று இருந்தது. படியேற முடிகிறதா, பஸ்ஸில் போக முடிகிறதா என்றெல்லாம் இருந்தது. கடலைப் பற்றி இல்லை. ஓரத்து வெள்ளை இடத்தில் பேனாவால் எழுதிக்கொண்டேன்: கடலுக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

டாக்டரிடம் கேட்டதற்கு, கடல் தண்ணீரால் கெடுதல் இல்லை, ஆனால் கனம் தூக்கினால் அந்த இடத்தில் குடல் பிதுங்கும், கொஞ்ச நாள் போகட்டும், முதலில் தண்ணீர் விடுகிற முறையைச் சொல்லிக்கொடுங்கள் என்றார். அடுத்த வாரம் எனிமா கேனும் ரப்பர் குழாயும் குழந்தைக்குப் பால் கொடுக்கிற புட்டியின் ரப்பரும் எடுத்துக்கொண்டு போனேன். குழாய் உள்ளே குத்திவிடாமலும் தண்ணீர் வெளியே வழியாமலும் இருக்க அந்த ரப்பர்தான் அடைப்பு. வெளியூரிலிருந்து வருகிற சாமானுக்கு மாற்றாக டாக்டர் யோசித்துச் செய்தது.

சாமான் எல்லாவற்றையும் பரப்பி வைத்து விளக்கியதும் அவள் கேட்டாள்: "எந்தத் தண்ணி?"

குடிக்கிற தண்ணிதான், கொதிக்க வச்சு ஆத்தி விடணும் என்றேன். அவள் கணவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். மதுரையில் என்றால் இந்தப் பார்வை எனக்கு விளங்கியிருக்காது. சுற்றிலும் கடல், குழாயில் எப்போதாவது வருகிற தண்ணீர், அதுவும் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மணலில் தோண்டிய ஊற்றில் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். சமைக்கவும் குடிக்கவும் ஆகிற தண்ணீரைக் குடலைக் கழுவக் கொட்டுவதா?

"ஊத்துக்கு நான் போறேன்" என்றார் கணவர். அந்த ஊரில் ஆண்பிள்ளைகள் ஊற்றுக்குக் குடம் எடுத்துப் போவதில்லை. அவர் போனார். படகு கரைக்கு வந்து மீனை இறக்கியதும் எல்லோரும் டீக்கடைக்குப் போவார்கள். இவர் வீட்டுக்கு வந்து குடத்தை எடுத்துக்கொண்டு பெண்களோடு வரிசையில் உட்காருவார். முதல் வாரம் கேலி செய்தார்களாம். இரண்டாவது வாரத்தில் அவருக்கு முன்னால் இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்களாம். கேள்வித்தாளில் "கணவர் அல்லது மனைவியின் ஆதரவு" என்று ஒரு வரி உண்டு. போதுமானது என்கிற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். வேறென்ன செய்ய?

முதல் நாள் கழுவியது பெரிய கூத்து. கூரை மூங்கிலில் ஆணி அடித்து கேனை மாட்டினோம். தண்ணீர் போன வேகத்தில் திரும்பி அவள் சேலையிலும் என் மேலும் தரையிலும் வழிந்தது. அவள் முழங்காலில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் தரையைத் துடைத்தேன். எழுபத்து நாலில் வெளியே ஓடியவள்தான் நான். இன்று அப்படி ஒன்றும் தோன்றவில்லை. கேனை ஒரு சாண் இறக்கிக் கட்டிப் பார்த்தோம். மறுநாள் அவளே செய்துகொண்டாள். மூன்றாவது வாரம் போனபோது வாசலிலேயே நின்றிருந்தாள். "நேத்துப் பொழுது முச்சூடும் ஒண்ணுமே வரல அக்கா" என்று சொன்னபோது, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தாள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

அதற்கடுத்த முறை போனபோது வீட்டில் அவள் இல்லை. கணவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தண்ணிக்குப் போயிருக்கா என்றார். ஊற்றுக்குத்தான் போயிருக்கிறாள் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. சந்தேகம் வந்து, எந்தத் தண்ணிக்கு என்றேன். அவர் கடல் பக்கம் கையைக் காட்டினார்.

கரைக்குப் போய் நின்றேன். மதியத்துக்கு மேல் வள்ளம் வந்தது. பத்துப் பெண்கள், எல்லோரும் நனைந்து, கண்ணைச் சுற்றிக் கண்ணாடித் தடத்தோடு இறங்கினார்கள். நடுவில் இவள். சட்டைக்கு மேலே சைக்கிள் டயர் ட்யூபை அகலமாக வெட்டி வயிற்றோடு இறுக்கிக் கட்டியிருந்தாள். அவளுடைய பாசி மூட்டையை இன்னொருத்தி தூக்கி வந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் டாக்டருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கத்தினேன். நான் பேசி முடிக்கும்வரை அவள் விரலில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து மணலில் உட்காரவைத்தாள்.

"இடுப்பளவு தண்ணி வரைக்கும் பயந்துதான் எறங்குனேன் அக்கா. தலைய முக்குனதும் எல்லாம் மறந்துபோச்சு. பாறையில ஒரு பூ இருக்கும், பாத்திருக்க மாட்டீக. தொட்டா சுருங்கிக்கிரும், விட்டா விரியும். அதுதான் என் வயித்துலயும் இருக்கு. அதப் போயி இம்புட்டு நாளாப் பாக்கவே அருவருத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

வள்ளத்தில் போகும்போதே மற்றப் பெண்களிடம் சட்டையை விலக்கிக் காட்டிவிட்டாளாம். எட்டு மாதமாக அவளுக்கு என்ன என்று தெரியாமல் ஆளுக்கொன்று பேசியவர்கள், சுற்றி நின்று குனிந்து பார்த்திருக்கிறார்கள். அதில் மூத்தவள், "இம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைப் பையைத் திறந்தாளாம்.

டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் கிராம்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு என்னை, அவளை, அவள் கணவரை, மூன்று பேரையும் மரியாதையோடு திட்டினார். திட்டி முடித்து, "சரி, டயர் ட்யூப் வேண்டாம், தோல் புண்ணாகும். அகலமான துணி பெல்ட் தைச்சுக் குடுங்க. மூட்டை தூக்கக் கூடாது" என்றார். போனை வைக்கப் போனவர் நிறுத்தி, எத்தனை அடி ஆழம் போனாங்க என்று கேட்டார்.

ஏழு பேரில் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழக்கரைக்காரர், ஐம்பத்தைந்து வயது. வளைகுடா நாட்டில் பல வருஷம் சமையல்காரராக இருந்து திரும்பியவர். மாடி வீடு, வெள்ளைச் சட்டை, அத்தர் மணம். நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து நல்ல பதிலாகச் சொன்னார். உறக்கம் நன்று. பசி நன்று. மனக்கவலை ஒருபோதும் இல்லை. கூட்டிப் பார்த்தால் என் பட்டியலிலேயே அவருக்குத்தான் அதிக மதிப்பெண். தாளின்படி அவர்தான் நிறைவான வாழ்க்கை வாழ்கிறவர்.

படி இறங்கும்போது அவர் மனைவி கீழ்ப்படியில் நின்றிருந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். ஒன்றரை வருஷமாக அந்த அறையை விட்டு இறங்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போவதில்லை. வீட்டிலும் தொழுவதில்லை. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்து சுத்தமாக இருக்க வேண்டும், தன் உடம்பில் எப்போது என்ன வருமென்று தெரியாதபோது தனக்கு ஒளு ஏது என்று விட்டுவிட்டார். தன் கை பட்டதை யாரும் தின்னக் கூடாது என்று அடுப்படிக்கும் வருவதில்லை.

"பாங்கு சொல்ற நேரத்துக்கு எந்திரிச்சு ஜன்னலச் சாத்திர்றாக நர்ஸம்மா. ஜன்னல் சாத்துற அந்தச் சத்தத்தக் கேக்கத்தான் என்னால முடியல."

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் இருந்த அந்தத் தாளைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனையும் நன்று, நன்று என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அடுத்த முறை போனபோது அவர் மனைவி சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் தொழுகையைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். அவர் பேச்சை மாற்றினார். நான் வேறு மதத்துப் பெண், நர்ஸ், கையில் பேனா வைத்திருப்பவள். என்னிடம் எப்படிச் சொல்வார்? கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். உங்களை மாதிரியே வயிற்றில் வழி வைத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார், பார்க்கிறீர்களா?

அவர் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "இந்தச் சீமையிலயா? எனக்கு மட்டும்தான்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பாசிக்காரப் பெண்ணிடம் கேட்டதற்கு, கூட்டிட்டுப் போங்க அக்கா என்று உடனே சொன்னாள். அவள் கடலுக்குப் போகாத நாள் பார்த்துப் பஸ் ஏறினோம். மாடிக்குப் போனதும் அவர் கொஞ்சம் திகைத்தார். ஆண் ஒருவரை எதிர்பார்த்திருப்பார் போல. அவர் மனைவியும் கூட வந்து உட்கார்ந்தார். அவள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னல் ஏன் சாத்திக் கிடக்கு மாமா, புழுங்குது என்றாள். அவர் மனைவி எழுந்து போய்த் திறந்தார்.

அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியதை நான் தாளில் எழுதவில்லை. தானும் காற்றுப் பார்த்து மூலையில் உட்கார்ந்து கிடந்ததை அவள் சொன்னாள். ஊற்றுத் தண்ணீர் கதையைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் ஒருநாளும் கேட்டிராத கேள்வியை அவளிடம் கேட்டார்.

"சத்தம் வருமேம்மா. நாலு பேர் அமைதியா நிக்கிற எடத்துல வந்துட்டா, அப்ப என்ன செய்வீக?"

"வந்தா வந்துட்டுப் போகுது மாமா. கடலுக்குள்ள யாருக்குக் கேக்கும்? கரையில வந்துச்சுன்னா இருமிக்கிருவேன். எங்க தெருவுல எனக்குக் காசநோய்ன்னு நெனச்சுக்கிட்டிருக்காக."

அவர் மனைவிதான் முதலில் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒளு சேராதே என்பதை அவராகவே சொன்னார். அவள் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டிருப்பாள். அது எனக்குத் தெரியாது மாமா, தெரிஞ்சவுகட்ட கேட்டீகளா என்றாள். கேட்கவில்லை. அதுதான் விஷயம். ஒன்றரை வருஷம், வெட்கத்தில், கேட்கவே இல்லை.

கேட்டது அவர் மனைவி. பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தின் வீட்டுக்குப் போய் ஹஜ்ரத்தின் மனைவியிடம் சொல்லி, அவர் மூலமாக ஹஜ்ரத்திடம் கேட்டு வந்து சொன்னார். இப்படித் தன் கட்டுப்பாட்டில் இல்லாத உபாதை உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக ஒளு செய்துகொண்டு தொழலாம், இடையில் வருவது அவர் குற்றமில்லை. மறுநாள் ஹஜ்ரத்தே மாடிப்படி ஏறி வந்தாராம். இதைக் கேட்க இவ்வளவு நாளா என்று மட்டும் கேட்டுவிட்டு, அவரோடு சேர்ந்து அந்த அறையிலேயே பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டுப் போனாராம். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அவர் போனார். கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கமாக நின்றிருக்கிறார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது, இப்போது எந்த வரிசை என்று கேட்டேன். நடுவுல எங்கயாச்சும் நிப்பேன், அதெல்லாம் யாரு கணக்குப் பாக்குறா என்றார்.

இதையெல்லாம் டாக்டருக்கு நீளமாகக் கடிதம் எழுதினேன். கேள்வித்தாளின் கடைசியில் ஒரு கேள்வி சேர்க்கலாமா என்று கேட்டிருந்தேன். நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா, அவ்வளவுதான். அவர் சேர்த்தார். கட்டம் போடாமல் அரைப்பக்கம் வெள்ளையாக விட்டார். அதோடு, தனித்தனியாகப் போய்ப் பார்ப்பது போதாது, எல்லோரையும் ஒருநாள் ஒரே இடத்தில் உட்காரவைக்க வேண்டும், தானும் வருகிறேன் என்று பதில் போட்டார்.

ராமநாதபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு ஹாலில் அந்தக் கூட்டம் நடந்தது. ஏழு பேரில் ஆறு பேர் வந்தார்கள். திருப்புல்லாணிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், தேவிபட்டினத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரர், இன்னும் இரண்டு பேர், நான் சொன்ன இருவர். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தேன். வந்தவர்கள் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டார்கள். டாக்டர் எழுந்து, இந்த ஆராய்ச்சியின் நோக்கம் என்று ஆரம்பித்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது யாருடைய வயிற்றிலிருந்தோ நீளமாக ஒரு சத்தம் வந்தது.

டாக்டர் பேச்சை நிறுத்தினார். தேவிபட்டினத்துக்காரரின் முகம் கறுத்துப்போயிருந்தது. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று வாயைத் திறக்கும்முன் கீழக்கரைக்காரர் பலமாக ஒரு இருமல் இருமினார். பாசிக்காரப் பெண் அதைத் தொடர்ந்து இருமினாள். டீக்கடைக்காரர் திருதிருவென்று இரண்டு பேரையும் பார்த்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவரும் இருமிப் பார்த்தார். பெரியவர் சிரித்த சிரிப்பில் அவருக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மற்ற நாற்காலிகளும் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன.

மதியச் சாப்பாடு கீழக்கரையிலிருந்து வந்திருந்தது. நெய்ச்சோறும் கறியும், பிறகு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்கிற வட்டலப்பமும். முந்தின நாளே அடுப்படியில் இறங்கி அவரே சமைத்ததாக மனைவி சொன்னார். பெரியவர் கறி சாப்பிடுகிறவர் இல்லை. அவருக்கென்று தனியாகக் காய்கறிக் குழம்பு வைத்து, தனிப் பாத்திரத்தில் மூடிக் கொண்டுவந்திருந்தார். அவர் கையால் பரிமாறியதை ஆறு குடும்பமும் டாக்டரும் நானும் உட்கார்ந்து சாப்பிட்டோம். டாக்டர் இரண்டு தடவை வட்டலப்பம் கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அந்த ஹாலில் கூடினார்கள். பை வாங்குவது எங்கே, தோல் புண்ணானால் என்ன தடவலாம், எந்தக் காய் சாப்பிட்டால் வாயு, பேரன் மடியில் ஏறினால் எப்படிப் பிடிப்பது என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். பெரிய ஆபரேஷனுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கு வராமல் இருந்த ஒரு பெண்ணைப் பாசிக்காரப் பெண் வீட்டுக்கே போய்ப் பேசி மதுரைக்கு அனுப்பிவைத்தாள்.

டாக்டரின் கட்டுரை ஒரு மருத்துவப் பத்திரிகையில் வந்தது. தண்ணீர் விட்டுக் கழுவுகிற முறையைப் பழகியவர்கள் அதிகமாக வெளியே நடமாடினார்கள் என்று எழுதியிருந்தார். நல்ல தண்ணீர் இல்லாத ஊர்களில் அந்த முறை நிற்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஏழாவது ஆளாகக் கூட்டத்துக்கே வராத ஒரு விவசாயக் கூலிப் பெண் அதனால்தான் அதை விட்டுவிட்டாள். அவள் வீட்டில் ஊற்றுக்குப் போக யாரும் இல்லை. அவளிடம் நான் மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை வீடு பூட்டியிருந்தது, வேலை தேடி எங்கோ போய்விட்டார்கள் என்றார்கள். ஏழு பேரில் அவளுக்குத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கீழக்கரைக்காரர் சில வருஷம் நன்றாக இருந்து, ஒரு நோன்பு மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டார். பழைய நோய் திரும்பவில்லை. அடக்கத்துக்கு மய்யித்து எடுத்த அன்று பாசிக்காரப் பெண்ணும் கணவரும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் ஓய்வு பெற்றேன். மாதக் கூட்டத்தை இப்போது ஓர் இளம் நர்ஸ் நடத்துகிறாள். பாசிக்காரப் பெண் இன்னமும் கடலுக்குப் போகிறாள். முன்னைப்போல ஆழம் போவதில்லை என்று சொல்கிறாள், ஆனால் அவள் சொல்வதை நான் நம்புவதில்லை. மாதம் ஒருமுறை என் வீட்டுக்கு வருவாள். வயிற்றைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்பாள், நான் எழுதித் தருகிற களிம்பை வாங்கமாட்டாள், காப்பி குடித்துவிட்டுக் கணவரைக் குறை சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்குப் போவாள்.